இறங்குகிறவருக்கு வழி

அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வேலை உண்டு. தான் உயிரோடு இருப்பதை ஓய்வூதிய அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். “ஆளே நேர்ல வந்து நிக்கிறேன், இன்னும் எதுக்குக் காயிதம்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆனாலும் காகிதம் வேண்டும். இந்த வருஷம் நான் ஊரில் இருந்ததால் தேடும் பொறுப்பு என்னுடையதாயிற்று. கும்பகோணம் வீட்டுப் பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். பெட்டிக்குள் இருந்ததெல்லாம் அந்த உத்தியோகத்தின் மிச்சம். ஒரு விசில், கண்டக்டர் பேட்ஜ், ரப்பர் பேண்டு போட்ட பழைய கட்டணப் பட்டியல்கள், மை உலர்ந்த இரண்டு பேனாக்கள். ஸ்டேஜ் வாரியாகக் கட்டணம் அச்சடித்த அட்டைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிசான ஒரு கார்டு நழுவி விழுந்தது. முன்பக்கம் ஜப்பானிய எழுத்து. பின்பக்கம் இயந்திரம் குத்திய தேதி, படிக்க முடியாதபடி மங்கியிருந்தது.

கியோட்டோ நகரப் பேருந்தின் ஒருநாள் அட்டை. அன்றைக்கு அதன் விலை 500 யென்.

“இதையா இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?” என்றேன்.

“டிக்கெட்டைத் தூக்கிப் போடற பழக்கம் எனக்கு எப்பப் பாப்பா இருந்திருக்கு?” என்றார் அப்பா.

அப்போது நான் ஒசாகாவில் வேலையில் இருந்தேன். இலையுதிர் காலத்தில் அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் வந்து தங்கினார்கள். கியோட்டோவைக் காட்டுவதற்கு ஒரு நாள்தான் கிடைத்தது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிளறி, சப்பாத்தி சுட்டுச் சுருட்டி, தயிர்சாதத்தைத் தனி டப்பாவில் அடைத்துவிட்டாள். அத்தனையும் ஒரு பெரிய முதுகுப்பைக்குள் போயிற்று. பை என் முதுகில் ஏறியது. பட்டுப்புடவைக்குக் கீழே நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு அம்மா கிளம்பினாள். விரைவு ரயிலில் அரை மணி நேரம்.

ஸ்டேஷனின் வடக்கு வாசலில் பேருந்து நிலையம். இளம்பச்சையில் கரும்பச்சைப் பட்டை போட்ட பேருந்துகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு தடவை ஏறினால், நகருக்குள் எவ்வளவு தூரம் போனாலும், 230 யென். நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்க 500 யென் அட்டை. அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். “ரெண்டு தடவைக்கு நானூத்தி அறுபது. மூணாவது தடவை ஏறினாலே லாபம்.” அந்த நிமிஷமே எங்கள் பயணத்தின் நோக்கம் மாறிவிட்டது. கோயில் பார்ப்பது இரண்டாம்பட்சம், லாபம் பார்ப்பது முதல்.

நகரத்தின் அமைப்பும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 794இல் தலைநகரமாக வகுக்கப்பட்ட ஊர். பேரரசர் தோக்கியோவுக்குப் போகும்வரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அங்கேதான் அரண்மனை. சதுரங்கக் கட்டம் போட்ட தெருக்கள். கிழக்கு மேற்காக ஓடும் பெரிய வீதிகள் பலவற்றுக்கு எண்தான் பெயர். சன்ஜோ என்றால் மூன்றாம் வீதி, ஷிஜோ நான்கு, கோஜோ ஐந்து, குஜோ ஒன்பது. “அட, ஸ்டேஜ் நம்பர் போட்ட ஊரு!” என்றார்.

பேருந்தில் பின்வாசலில் ஏற வேண்டும், முன்வாசலில் இறங்க வேண்டும். காசு கொடுப்பது இறங்கும்போதுதான். டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி. ஆயிரம் யென் தாளை நுழைத்தால் அது சில்லறையாகக் கொட்டும். அதில் சரியான தொகையை எண்ணி எடுத்துக் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். அப்பா அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். “சில்லறை கேட்டா மூஞ்சியச் சுளிக்காத கண்டக்டர்” என்றார்.

வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் காதோரம் மைக் வைத்துக்கொண்டு ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கிளம்புகிறோம், வலப்பக்கம் திரும்புகிறோம், பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த நிறுத்தம் இன்னது. சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவார். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். கண்டக்டர் எங்கே என்று அப்பா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். ஒரு காலத்தில் இங்கேயும் இருந்தார்கள், பெண்கள்கூட நிறையப் பேர் அந்த வேலை பார்த்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள் என்றேன். கண்டக்டர் இல்லாத வண்டிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘வான்மன்’. ஒன் மேன் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு. “ஒரே ஆளு ரெண்டு ஆள் வேலையைப் பாக்கறான். பாவம், இதுல நன்றி வேற சொல்லணும்” என்றார் அப்பா. சொன்னவர் முகத்தில் பாவம் மட்டும் இல்லை, லேசாக ஒரு கோபமும் இருந்தது.

முதல் இறக்கம் சன்ஜுசாங்கென்தோ. முப்பத்துமூன்று தூண் இடைவெளி கொண்ட மண்டபம் என்று பொருள். சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரக் கட்டடம். 1164இல் கட்டியது தீக்கிரையாகி, இப்போதிருப்பது 1266இல் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நடுவில் அமர்ந்த பெரிய கன்னோன், இரு புறமும் படி படியாக நிற்கிற ஆயிரம் கன்னோன்கள். ஒவ்வொன்றுக்கும் பதினொரு முகம், நாற்பது சொச்சம் கைகள். கன்னோன் என்பது அவலோகிதரின் ஜப்பானியப் பெயர். அகத்தியர் தமிழ் கேட்டது அந்த அவலோகிதரிடம்தான் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறது. அதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப இவங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும்” என்று சொல்லிவிட்டு, சன்னமான குரலில் வேண்டுதலைத் தமிழிலேயே சொன்னாள்.

முன்வரிசையில் காவல் தெய்வங்கள் இருபத்தெட்டு. அவை நம் ஊர்ப்பக்கமிருந்து பௌத்தத்தோடு நடந்துபோனவை. இந்திரன் உண்டு, பிரம்மா உண்டு. ஓரிடத்தில் அம்மா நின்றுவிட்டாள். அலகு மூக்கு, முதுகில் இறக்கை, பெயர்ப்பலகையில் ‘கருரா’.

“என்னங்க, கருடாழ்வார்! புல்லாங்குழல் வாசிக்கிறார் பாருங்க. அது பெருமாள் கையில இருக்க வேண்டியதுல்ல?”

“பெருமாள் சாப்பிடப் போயிருப்பார். வர்ற வரைக்கும் இவர்கிட்டக் குடுத்துட்டுப் போயிருப்பார்” என்றார் அப்பா.

அந்த ஆயிரத்தொரு முகங்களில் நாம் பார்க்க நினைக்கும் ஒருவரின் முகம் கட்டாயம் இருக்கும் என்று அங்கே சொல்வார்கள். அப்பா வரிசை வரிசையாகத் தேடினார். கடைசியில் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“மூணாவது வரிசை, அந்தத் தூணுக்கு இந்தப்பக்கம். அப்படியே எங்க செக்கிங் இன்ஸ்பெக்டர்.”

“சாந்தமாத்தானே இருக்கு முகம்?”

“அப்படித்தான் வண்டியில ஏறுவார். மெமோ எழுதும்போதும் அப்படியேதான் இருக்கும்.”

அடுத்த பேருந்தில் கோஜோசாகா. அங்கிருந்து மேட்டில் ஏறினால் கியோமிசுதேரா. இப்போதைய பெரிய மண்டபம் 1633இல் கட்டியது. மலைச்சரிவில் தூண்களை நட்டு, ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்து, பதின்மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு மேடை. அதன் விளிம்பில் நின்றால் கீழே மேப்பிள் இலைகள் சிவந்து கிடக்கும். துணிந்து ஒரு காரியத்தில் இறங்குவதை ‘கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது போல’ என்பது ஜப்பானியப் பழமொழி. முன்காலத்தில் வேண்டுதலுக்காக இருநூறுக்கு மேற்பட்டவர்கள் நிஜமாகவே குதித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பிழைத்தார்கள். 1872இல் அதைத் தடை செய்தார்கள். எட்டிப் பார்த்த அம்மா, “மூணு பிள்ளை பெத்து வளக்கிறதை விடவா இது பெரிய குதி?” என்றாள்.

மேடைக்குக் கீழே ஓதொவா அருவி. மூன்று தாரைகளாக விழுகிறது. நீளக் காம்பு வைத்த அகப்பையில் பிடித்துக் குடிக்க வேண்டும். மூன்றிலும் குடித்தால் பேராசை, பலன் கிடைக்காது என்பது நம்பிக்கை. அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாள். அப்பா மூன்றிலும் குடித்தார். “டிக்கெட் எடுத்துத்தானே உள்ள வந்தோம்?” என்பது அவர் வாதம்.

இறங்கும் வழியில் சன்னென்சாகா என்ற கல்படிச் சந்து. அங்கே தடுக்கி விழுந்தால் மூன்று வருஷத்துக்குள் ஆயுள் முடியும் என்று ஒரு கதை இருக்கிறது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. கேட்ட மறுநொடி அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும் தெருவில் அவர்கள் இருவரும் கைகோத்து நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாடகைக் கிமோனோவில் வந்த இளம்பெண்கள் அம்மாவின் புடவைக் கரையைப் பார்த்துத் தங்களுக்குள் வியந்துகொண்டே போனார்கள். அம்மா எதையும் கவனிக்கவில்லை, கண் முழுக்கப் படியில்தான். சமதரைக்கு வந்த பிறகும் கொஞ்ச தூரம் கையை விடவில்லை.

மூன்றாவது பேருந்து, அதாவது லாபம் ஆரம்பிக்கிற பேருந்து, எங்களைக் காமோ ஆற்றங்கரையில் விட்டது. படித்துறை மாதிரியான கரையில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தோம். பருந்து ஜாக்கிரதை என்று படம் போட்ட பலகை பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் படித்துச் சொல்வதற்குள் பின்பக்கமிருந்து ஒரு காற்று வீசியது போலிருந்தது. அம்மா கையில் பாதி கடித்த சப்பாத்தி இல்லை. தலைக்கு மேலே ஒரு பருந்து அதைக் காலில் இடுக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அம்மாவோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “காலையில பாத்தோம்ல, அவர்தான். பசிச்சிருக்கு.” பிறகு இன்னொரு சப்பாத்தியையும் எடுத்து வைக்கப் போனவளை நான்தான் தடுத்தேன். இன்றுவரை ஊரில் அவள் சொல்லும் ஜப்பான் கதை இது ஒன்றுதான். கதையில் பருந்து ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாகிறது.

நான்காவது பேருந்து கவராமாச்சியில் ஏறிய 205ஆம் எண் வண்டி. தங்கக் கோயிலான கின்காகுஜிக்குப் போவது. அந்த நிறுத்தத்திலேயே கூட்டம் தெருவோரம் வளைந்து நின்றது. அங்கே சில நிறுத்தங்களில் ஒரு பலகை இருக்கும். வண்டி இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி வருகிறது, ஒரு நிறுத்தம் தள்ளி வருகிறது என்று அடையாளம் மாறிக்கொண்டே வரும். அடையாளம் மாற மாற வரிசையும் நெருங்கியது. வண்டி வந்தபோது அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நாங்களும் ஏறினோம். ஒரு மாணவன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். நானும் அப்பாவும் கைப்பிடியில் தொங்கினோம். என் முதுகில் அந்தப் பை. எங்களைச் சுற்றி எங்களைப் போலவே பை சுமந்தவர்கள். உருளைப் பெட்டியோடு நாலைந்து பேர்.

வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு நிறுத்தம். முன்கதவு திறந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள். வண்டியின் நடுவிலிருந்து மிக மெல்லிய குரல் கேட்டது. “சுமிமாசென்… ஓரிமாஸ்…” நன்றாக வயதான அம்மாள். கூன் விழுந்த முதுகு, கையில் தள்ளிக்கொண்டு போகும் சின்ன வண்டி. முன்கதவுக்கும் அவருக்கும் நடுவே இருபது பேர் நின்றோம். யாரும் அசையவில்லை, அசைய இடமும் இல்லை. அவர் மறுபடியும் அதையே சொன்னார், முன்னைவிடவும் மெதுவாக.

“அந்தம்மா என்ன சொல்லுது?” என்றார் அப்பா.

“எறங்கணுமாம்.”

அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்ட அந்தக் குரல் கியோட்டோ பேருந்துக்குள் முழங்கியது.

“எறங்கறவங்களுக்கு வழி! வழி விடுங்க, வழி! பையெல்லாம் எறக்கிக் கீழ வைங்க! பாப்பா, முதல்ல உன் பையை எறக்கு!”

அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே இடித்துக்கொண்டிருந்தது என் பைதான். கழற்றிக் காலடியில் வைத்தேன். தமிழ் தெரிந்தவர் வண்டியில் வேறு எவரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பைகள் இறங்கின, உருளைப் பெட்டிகள் நகர்ந்தன, ஒரு ஆள் போகும் அகலத்துக்குச் சந்து பிறந்தது. டிரைவர் கதவை மூடிவிடுவாரோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். இரண்டு விரலை வாயில் வைத்து ஒற்றை விசில் நீளமாக அடித்தார். நம் ஊரில் ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், மைக்கில் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அப்பா அந்தத் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், அம்மாள் பின்னால் நடந்தார். கீழே இறங்கியவர் திரும்பி நின்று வண்டி முழுவதற்கும் குனிந்து வணங்கினார். அப்பா கையை உயர்த்தி இரட்டை விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. அம்மாவுக்கு இடம் கொடுத்த மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் சொன்னார்.

“ஏறறவனுக்கு அடுத்த வண்டி வரும். எறங்கறவங்களுக்கு இந்த ஸ்டாப்புதான். இந்தக் கூட்டம் முழுக்க நம்ம கூட்டம், பாப்பா. அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, நாம கோயில் பாக்கப் போறோம்.”

மாசி மகத்தன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற முடியாமல் விட்டுவிட்டுப் போன டிரிப்புகளை அவர் பார்த்திருக்கிறார். கோயில் ஊரில் குடியிருப்பவர்களின் கஷ்டம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கின்காகுஜியில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, குளத்தில் தங்க நிழல் விழுவதைப் பார்த்தோம். 1950இல் இளம் துறவி ஒருவர் அதற்குத் தீ வைத்துவிட்டார், 1955இல் திரும்பக் கட்டினார்கள், 1987இல் முன்னைவிடத் தடிமனான தகடு ஒட்டினார்கள் என்றேன். அப்பா தலையாட்டினாரே தவிர மனசு அங்கே இல்லை. நுழைவுச் சீட்டாக அவர்கள் தருவது எழுத்து வரைந்து முத்திரை குத்திய நீளக் காகிதம், கோயில் ரட்சைச் சீட்டு போலவே இருக்கும். அம்மா மூன்றையும் மடிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்று இன்னமும் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் சுவாமிமலை முருகனுக்குப் பின்னால் நிற்கிறது.

ஐந்தாவது பேருந்தில் ஸ்டேஷன் திரும்பினோம். ரயிலில் அப்பா சின்ன நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினார். ஆளுக்கு ஐந்து தடவை, 1150 யென். கொடுத்தது 500. மூன்று பேருக்கும் சேர்த்து லாபம் 1950. அடியில் இரட்டைக் கோடு போட்டார், டிரிப் முடிந்து இன்வாய்ஸை மூடுகிற மாதிரி.

பிறகு நான் ஊர் திரும்பினேன், வேலை மாறினேன். அண்மையில் ஓர் இலையுதிர் காலத்தில் அலுவல் விஷயமாக மறுபடி ஒசாகா போக நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்தது. காலையிலேயே கியோட்டோவில் இருந்தேன். பேருந்து நிலையத்துச் சீட்டு ஜன்னலில் ஒருநாள் அட்டை கேட்டேன். உள்ளே இருந்த பெண் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை இப்போது விற்பதில்லை என்றாள்.

விவரம் பிறகு தெரிந்தது. 500 யென் அட்டையை 2018இல் 600 ஆக்கினார்கள், 2021இல் 700. அப்படியும் பேருந்தில் கூட்டம் குறையவில்லை. ஊர்க்காரர்களால் ஏற முடியவில்லை, ஏறினால் இறங்க முடியவில்லை. 2023 செப்டம்பரோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த அட்டை, விலை 1100 யென். சுற்றுலாக்காரர்கள் பூமிக்கடியில் போகட்டும் என்பது நோக்கம். வார இறுதியில் சுற்றுலா இடங்களில் மட்டும் நின்று போகும் விரைவுப் பேருந்தும் விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தடவை ஏற 500 யென். அன்றைக்கு நாள் முழுக்கச் சுற்றிய காசு. ஊர்க்காரருக்குக் குறைந்த கட்டணம், வெளியாருக்குக் கூடுதல் என்ற திட்டமும் பேச்சில் இருக்கிறது.

நான் 1100 கொடுத்துச் சுரங்க ரயிலில் ஏறினேன். கெஆகே நிலையத்தில் இறங்கி நான்சென்ஜி கோயிலுக்கு நடந்தேன். மரக் கோபுர வாசலைத் தாண்டினால், சம்பந்தமே இல்லாமல் செங்கல் வளைவுகள் மேல் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஏறிப் பார்த்தேன். உள்ளே தெளிந்த நீர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. பேரரசர் தோக்கியோவுக்குப் போன பின் களையிழந்த ஊரை எழுப்ப வேண்டும் என்று பிவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்த நீர். திட்டத்தின் பொறியாளர் தானாபே சாக்குரோவுக்கு அப்போது இருபது சொச்சம் வயது. 1890இல் கால்வாய் முடிந்தது, மறு வருஷமே கெஆகேயில் நீர்மின் நிலையம். அந்த மின்சாரம் இருந்ததால்தான் 1895 பிப்ரவரியில் ஜப்பானின் முதல் மின்சார டிராம் கியோட்டோ தெருவில் ஓடியது.

அதே 1895 மே மாதம் சென்னையிலும் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதன்முதலாக. சென்னை டிராம் 1953இல் நின்றது. கியோட்டோவின் நகர டிராம் 1978இல். அதன் பெட்டிகள் சில இன்றும் ஹிரோஷிமாவில் ஓடுகின்றன. டிராம் போன இடத்துக்கு வந்தவை இரண்டே இரண்டு சுரங்க ரயில் பாதைகள். அவை தொடாத கோயில்களே அதிகம். கின்காகுஜிக்கும் கியோமிசுவுக்கும் போக வேண்டிய மொத்தக் கூட்டமும் பேருந்தின் தலையில் விழுந்ததற்கு அதுவும் காரணம். தண்டவாளத்தைப் பிடுங்கியபோது இத்தனை பேர் வருவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கால்வாய்க் கரையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். டிராம் கதையைக் கேட்டதும், “எங்க தாத்தா மெட்ராஸ் போயிட்டு வந்து டிராமைப் பத்தித்தான் வருஷக்கணக்காப் பேசினார், கடலைப் பத்திக்கூடப் பேசலை” என்றார். ஒருநாள் அட்டையை நிறுத்திய விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“செஞ்சது சரிதான்” என்றார். “அன்னைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது லாபம்னு கோடு போட்டேன்ல? ராத்திரி படுத்தப்பறந்தான் உறைச்சுது. நமக்கு லாபம்னா யாருக்கோ நஷ்டம். அந்தம்மா இடிபட்டு நின்னுச்சு பாரு, அதுதான் அது. மலிவா டிக்கெட் குடுக்கறதா இருந்தா அந்தந்த ஊர்க்காரனுக்குக் குடுக்கணும்.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“பொண்ணு சம்பாதிச்ச காசுல சுத்திக் காமிக்கிற. அதுல போய் குத்தம் சொல்றதா?”

மாலையில் ஒரே ஒரு தடவை பேருந்தில் ஏறினேன். பையை ஸ்டேஷன் லாக்கரில் வைத்திருந்தேன். வண்டியில் கூட்டம் இருந்தது, முன்னளவு இல்லை. பெட்டிகளை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வரும்படி வேண்டும் அறிவிப்பை உள்ளே ஒட்டியிருந்தார்கள். இறங்கும்போது டிரைவர் எனக்கும் நன்றி சொன்னார்.

தகரப் பெட்டியிலிருந்து எடுத்த அட்டையை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். முடியாது என்றார். “அது என் கலெக்‌ஷன்ல சேர்ந்தது.” விசிலுக்கு அடியில் திரும்ப வைத்து மூடினார். பிறகு இருவரும் டவுன் பஸ்ஸில் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி. எனக்குக் காசில்லாச் சீட்டு, அப்பாவுக்குக் காசு கொடுத்து ஒரு சீட்டு. இரண்டையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்த் தயாராக நின்றார்.

கியோட்டோ போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அதிகமில்லை. கோயில்களைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லும். பையை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். நடுவழியில் எங்காவது மெல்லிய குரலில் “ஓரிமாஸ்” என்று கேட்டால், அதற்கு ‘இறங்குகிறேன்’ என்று அர்த்தம். கொஞ்சம் வழி விடுங்கள்.